கெடில்ஸ்டன் ஹால்: கூட்டிப்போனவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விகள்

இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் கெடில்ஸ்டன் ஹாலுக்குக் கூட்டிப்போவது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். காரில் ஏறும்போது தொடங்குகிற கேள்விகள் திரும்பி வந்து டீ குடிக்கும்வரை ஓயாது. ஆள் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்வியை எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலைப் போட்டிருக்கிறேன். பழைய கட்டடங்களைக் காக்கிற சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் கணக்கு வேறு.

இது அரண்மனையா, கோட்டையா, வீடா?

வீடுதான். எந்த ராஜாவுக்காகவும் கட்டியதில்லை, சண்டைக்காகக் கட்டியதும் இல்லை. பெரிய நிலக்கிழார்கள் தங்கள் நிலத்துக்கு நடுவே கட்டிக்கொண்ட வீட்டை இங்கே கன்ட்ரி ஹவுஸ் என்பார்கள். பண்ணை வீடு என்று தமிழில் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். இதன் வடக்கு முகப்பு மட்டும் ஏறக்குறைய 350 அடி நீளம்.

டெர்பி நகரத்துக்கு வடமேற்கே நாலைந்து மைல் தூரம். கர்சன் குடும்பம் 12ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த மண்ணில் இருக்கிறது. கர்சன் பிடித்ததைக் கர்சனே பிடித்திருக்கட்டும் என்பதுதான் அவர்கள் குடும்ப வாக்கியம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது எப்படி ஆனது என்று பார்ப்போம்.

கட்டினது யாரு? ஒருத்தர் ராபர்ட் ஆடம்னு சொல்றார், இன்னொருத்தர் வேற பேர் சொல்றார்.

எல்லாரும் சொல்வது சரிதான். சர் நத்தானியேல் கர்சன் 1758இல் சொத்துக்கு வந்தார். அப்போது இங்கே 1700 வாக்கில் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு ஒன்று இருந்தது. அறுபது வயதுகூட ஆகாத நல்ல வீடு. அது அவருக்குப் போதவில்லை. 1759இல் மாத்யூ பிரெட்டிங்ஹாம் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் புது வீட்டைத் தொடங்கினார். அடுத்து ஜேம்ஸ் பெய்ன் வந்தார். பூங்காவில் சின்னச் சின்னக் கட்டடங்கள் வரைவதற்காக ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்து இளைஞரைக் கூப்பிட்டார்கள். இத்தாலியில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தவர். தோட்டத்துக்கு வந்தவர் ஓரிரு ஆண்டுகளில் வீட்டையே கைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

நத்தானியேல் 1761இல் ஸ்கார்ஸ்டேல் பிரபு ஆனார். அதற்குத் தகுந்த வீடும் எழும்பிக்கொண்டிருந்தது.

முன்பக்கம் ஒரு மாதிரி இருக்கு, பின்னாடி போனா வேற வீடு மாதிரி இருக்கே?

முன்பக்கத்தின் அமைப்பு பெரும்பாலும் பெய்ன் போட்டது: ஆறு கொரிந்தியத் தூண்கள், மேலே முக்கோண முகடு, இரண்டு பக்கமும் படிக்கட்டு. கோயில் முகப்பை வீட்டில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அன்றைய பிரபுக்களுக்கு இதுதான் மோஸ்தர். இத்தாலியக் கலைஞர் பல்லாடியோவைப் பின்பற்றியவர்கள் எல்லாரும் இப்படித்தான் கட்டினார்கள்.

தெற்குப் பக்கம் ஆடமுடையது. ரோம் நகரத்தில் இருக்கிற கான்ஸ்டன்டைன் வெற்றி வளைவை எடுத்து, அதை வீட்டுச் சுவராக்கிவிட்டார். நாலு தூண்கள் சுவரைவிட்டு முன்னால் துருத்தி நிற்கும். மேலே தாழ்வான குவிமாடம். கீழே வளைந்து இறங்கும் படிக்கட்டு. சுவர் அசைகிற மாதிரி ஒரு மயக்கம் வரவேண்டும் என்று ஆடம் விரும்பினார். வடக்கு முகப்பு மரியாதை கேட்டு நிற்கும், தெற்கு முகப்பு அழகு காட்டி நிற்கும். எனக்குத் தெற்குதான் பிடிக்கும். மாலை வெயிலில் போய்ப் பாருங்கள், தூண்களின் நிழல் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

வரைபடத்தில நாலு பக்கமும் நாலு கட்டடம் இருக்கே, நேர்ல ரெண்டுதானே இருக்கு?

நல்ல கண். நடுவில் பெரிய கட்டடம், நாலு மூலையிலும் வளைந்த நடைபாதையால் இணைத்த நாலு சிறகுக் கட்டடங்கள் என்பதுதான் முதல் திட்டம். பல்லாடியோ வரைந்து, கட்டாமலே போன ஒரு மாளிகைப் படத்திலிருந்து வந்த யோசனை. இங்கேயும் வடக்கு மூலை இரண்டும் எழும்பின; தெற்கு இரண்டும் எழும்பவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நாலு சிறகோடும் இதைக் கட்டி முடித்தவர்கள் கொல்கத்தாவில் இருந்தார்கள். வெல்லஸ்லி பிரபு தலைமை ஆளுநராக இருந்தபோது, 1799க்கும் 1803க்கும் இடையில் அங்கே எழும்பிய அரசு மாளிகை கெடில்ஸ்டன் வரைபடத்தைப் பின்பற்றியது. வரைந்தவர் சார்லஸ் வயட் என்ற பொறியாளர். இன்று அது மேற்கு வங்க ஆளுநர் மாளிகை. இன்னொரு நூறு வருஷம் கழித்து, கெடில்ஸ்டனிலேயே பிறந்த ஜார்ஜ் நத்தானியேல் கர்சன் வைஸ்ராயாகப் போய், சொந்த வீட்டின் நகலிலேயே குடியேறினார்.

உள்ளே நேரம் கம்மிதான்கா. எதை மட்டும் பார்க்கலாம்?

மார்பிள் ஹால், அதற்குப் பின்னால் சலூன். இந்த இரண்டும் போதும், மற்றதெல்லாம் உபரி.

மார்பிள் ஹாலுக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் தேடுங்கள். சுவரில் ஜன்னலே கிடையாது. வெளிச்சம் முழுக்கக் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும். பழைய ரோமானிய வீட்டின் திறந்த முற்றம் போல இருக்கவேண்டும் என்பது ஆடமின் எண்ணம். இரண்டு பக்கமும் வரிசையாக இருபது தூண்கள், ஒவ்வொன்றும் 25 அடி. சந்தன நிறம், பச்சை, பால் வெள்ளை, காவி எல்லாம் குழைந்து ஓடும் கல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு தூண் மாதிரி இன்னொன்று இருக்காது.

சலூன் வட்டமான அறை. குவிமாடம் 62 அடி உயரம். ரோமின் பாந்தியன் கோயிலை வீட்டுக்குள் சுருக்கி வைத்தது. சுவர் மாடங்களில் பீடத்தின்மேல் சாடி வைத்த மாதிரி ஏதோ நிற்கும். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். அவை வார்ப்பிரும்பு அடுப்புகள். இவ்வளவு பெரிய அறையில் கணப்பு வைத்தால் அழகு கெடும், வைக்காவிட்டால் ஆள் விறைத்துவிடும். அடுப்பையே பலிபீடமாக வேஷம் கட்டிவிட்டார் ஆடம்.

மார்பிள் ஹால்னு பேரு. ஆனா தூண் மார்பிள் இல்லையாமே?

இல்லை. அலபாஸ்டர். ஜிப்சம் வகைக் கல், இந்த வட்டாரத்திலேயே வெட்டியது. பளிங்கைவிட மிகவும் மென்மை, நகத்தாலேயே கீறலாம் என்பார்கள் (தயவுசெய்து கீறிப் பார்க்காதீர்கள், வாலண்டியர் அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார்). தண்ணீரும் ஆகாது. மழை படாத உள்மண்டபத்தில் இருப்பதால்தான் இரண்டரை நூற்றாண்டாக அப்படியே இருக்கிறது. வெளியே நட்டிருந்தால் உருவம் கரைந்திருக்கும்.

இவ்வளவு பெரிய அறையில எப்படித் தூங்குவாங்க, எங்க சமைப்பாங்க?

நடுக் கட்டடம் வாழ்வதற்கு இல்லை, காட்டுவதற்கு. விருந்து, இசை, ஓவியம், ஊர்ப் பெரியவர்களை வரவேற்பது எல்லாம் அங்கே. குடும்பம் வாழ்ந்தது கிழக்குச் சிறகில். சமையல் மேற்குச் சிறகில். சமையலறைக் கணப்புக்கு மேலே ஒரு வாசகம் இருக்கும்: வீணாக்காதே, இல்லாமல் தவிக்காதே என்ற பொருளில். இந்த வீட்டைக் கட்டியவர் வீட்டில் அந்த வாசகமா என்று என் மாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சமையலறையிலிருந்து வளைந்த நடைபாதை முழுக்கச் சுமந்து வரும்போது சோறு சூடாக இருக்குமா என்று அடுத்த கேள்வி வரும். நீங்களே நடந்து பார்த்துச் சொல்லுங்கள்.

காட்டுவதற்கான வீடு என்பதைச் சும்மா சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். கார்னெட் அம்மையார் என்ற வீட்டுக் கண்காணிப்பாளர் சுற்றிக் காட்டுவார். கையில் ஓவியப் பட்டியலோடு அவர் நிற்கிற படம் இன்றும் இந்த வீட்டில் தொங்குகிறது. எசமானர்கள் படத்தைவிட எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும். 1777இல் வந்த சாமுவேல் ஜான்சன் மட்டும் மசியவில்லை. ஊர் மன்றக் கட்டடத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டை ஒட்டி ஒரு தேவாலயம் இருக்கு, ஆனா ஊரே இல்லையே?

ஊர் இருந்தது. வீட்டின் பார்வையில் விழுந்ததால் அதைப் பெயர்த்து அரை மைலுக்கு அப்பால் வைத்துவிட்டார்கள். டெர்பியிலிருந்து வந்த பெரிய சாலையையும் சட்டம் போட்டுத் தள்ளி வைத்தார்கள். தேவாலயத்தை மட்டும் தொட முடியவில்லை. அதனால்தான் ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் மாளிகையின் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது. பச்சைப் பசேல் என்ற புல்வெளியைப் பார்த்து இயற்கை என்று வியக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். அந்தப் புல்லுக்கு அடியில் வாசல்களும் அடுப்புகளும் இருந்தன.

தேவாலயத்துக்குள் வைஸ்ராய் கர்சன், 1906இல் இறந்த தன் மனைவி மேரிக்காகக் கட்டிய நினைவுக்கூடம் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கில் மேரியின் உருவம். பக்கத்தில் தன் உருவத்தையும் தானே செதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

வாசல்ல கிரேடு 1 லிஸ்டட்னு சொன்னாங்க. அப்படின்னா என்ன?

இங்கிலாந்தில் வரலாற்று மதிப்போ கட்டடக்கலை மதிப்போ உள்ள கட்டடங்களை அரசு ஒரு பட்டியலில் சேர்க்கிறது. பட்டியலில் ஏறினால் லிஸ்டட் கட்டடம். மூன்று தரம்: கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2. பட்டியலில் சுமார் 4 லட்சம் பதிவுகள் இருக்கின்றன. அதில் கிரேடு 1 ஏறக்குறைய 2.5 சதவீதம்தான். கிரேடு 2 ஸ்டார் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மீதி எல்லாம் கிரேடு 2.

இந்த யோசனை வலுப்பெற்றது இரண்டாம் உலகப் போரில். குண்டு விழுந்த ஊர்களில் எதை இடிக்கலாம், எதை எப்பாடுபட்டாவது நிறுத்தவேண்டும் என்று அவசரமாகப் பட்டியல் போட்டார்கள். 1947ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் அதை முறைப்படுத்தியது. முன் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது என்ற இன்றைய கட்டுப்பாடு 1968இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம்.

யார் முடிவு பண்றது? நாமளே போய்க் கேட்கலாமா?

யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கவேண்டியதுகூட இல்லை. ஹிஸ்டாரிக் இங்கிலாண்ட் என்ற அமைப்பு ஆராய்ந்து ஆலோசனை சொல்லும். பண்பாட்டுத் துறை அமைச்சர் பெயரில் முடிவு வரும். 1700க்கு முந்தியது, ஓரளவு பழைய உருவத்தோடு இருந்தால் அநேகமாகச் சேர்ந்துவிடும். காலம் நெருங்க நெருங்கச் சல்லடை இறுகும். முப்பது வயது ஆகாத கட்டடம் அபூர்வமாகத்தான் ஏறும்.

கிரேடு 2ன்னா பாதுகாப்பு கம்மிதானே? நாங்க வாங்கப்போறது கிரேடு 2 வீடு அண்ணா, ஜன்னல் மட்டும் மாத்தினா போதும். (என் கணவரிடம் கேட்டது, பதில் என்னுடையது.)

இல்லை. பெரும்பாலானோர் தடுக்கி விழுகிற இடம் இது. தரம் என்பது மதிப்பைச் சொல்கிறதே தவிர, சட்டம் மூன்றுக்கும் ஒன்றுதான். கெடில்ஸ்டனில் ஜன்னல் மாற்ற அனுமதி வேண்டும் என்றால் உங்கள் வீட்டிலும் வேண்டும். கிரேடு உயர்ந்தால் ஹிஸ்டாரிக் இங்கிலாண்டையும் கேட்கவேண்டி வரும், பரிசீலனை கடுமையாகும், அவ்வளவுதான். அனுமதி தருவது உள்ளூர்க் கவுன்சில்.

அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்ற வழக்கு. இரண்டு வருஷம்வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு கிடையாது. இன்னொன்று கேளுங்கள்: முந்தைய சொந்தக்காரர் திருட்டுத்தனமாக பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிட்டுப் போயிருந்தால், குற்றம் அவர்மேல், ஆனால் பழையபடி மாற்றச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்கு வரும். அதற்குக் காலவரம்பும் இல்லை. வாங்குவதற்கு முன் சொலிசிட்டரிடம் இதைத்தான் முதலில் கேட்கவேண்டும்.

வெளித்தோற்றம்தானே லிஸ்டட்? உள்ளே நம்ம இஷ்டம்தானே?

இதுவும் தப்பு. முழுக் கட்டடமும் அடங்கும்: உள்சுவர், கதவு, படிக்கட்டு, கணப்பு, பூச்சு வேலை எல்லாம். சுவரோடு நிலையாகப் பொருத்தியது எதுவும் கட்டடத்தில் சேர்த்தி. மேசை நாற்காலி சேராது. கெடில்ஸ்டன் வரவேற்பறையில் பொன் பூசிய கடல்கன்னிகள் தாங்குகிற பெரிய சோபாக்கள் இருக்கின்றன, ஜான் லின்னெல் செய்தவை. அந்த அறைக்கென்றே செய்தவை என்றாலும், வெறும் லிஸ்டிங் மட்டும் அவற்றை அங்கே பிடித்துவைக்காது. பல வீடுகளில் கட்டடம் தப்பித்தது, சாமான் ஏலத்தில் சிதறியது.

கட்டடத்தோடு சேர்ந்த வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கிற கொட்டகை, மதில், தொழுவமும் கூடவே பாதுகாப்பில் வரலாம்.

அப்ப இது கவர்ன்மென்ட் சொத்தா?

இல்லை. லிஸ்டிங்குக்கும் உடைமைக்கும் தொடர்பே கிடையாது. பட்டியலில் உள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை தனியார் வீடுகள். மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கெடில்ஸ்டன் 1987 முதல் நேஷனல் டிரஸ்ட் கையில் இருக்கிறது. அது 1895இல் தொடங்கிய அறக்கட்டளை, அரசுத் துறை அல்ல. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி தன் சொத்தைக் கைமாற்ற முடியாத உடைமை என்று அது அறிவித்துவிட்டால், பிறகு விற்கவும் முடியாது, நாடாளுமன்றம் தலையிடாமல் யாரும் பிடுங்கவும் முடியாது.

கர்சன் குடும்பம் ஏன் கொடுத்துட்டாங்க? பணம் இல்லையா?

இந்த அளவு வீட்டைப் பராமரிக்கப் பணம் யாரிடமும் இல்லை. 1894இல் வந்த மரண வரி போகப் போக ஏறியது; நில வருமானம் சரிந்தது; வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய வீடுகள் இடிந்தோ இடிக்கப்பட்டோ போயின. அன்றைய ஸ்கார்ஸ்டேல் பிரபு 1977இல் இறந்ததும் வாரிசுக்கு வந்த வரி மலைபோல நின்றது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நேஷனல் ஹெரிடேஜ் மெமோரியல் ஃபண்ட் என்ற தேசிய நிதியத்தின் பெரும் உதவியோடு வீடு டிரஸ்டுக்குப் போனது.

குடும்பம் கிழக்குச் சிறகில் தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொண்டது. பிடித்ததைப் பிடித்திருக்கட்டும் என்ற வாக்கியம் ஒரு சிறகுக்குள் சுருங்கிவிட்டது.

டிரஸ்டே சொந்தக்காரங்கன்னா அவங்களுக்கு அனுமதி தேவையில்லையே?

தேவை. ஒரு கதவை இடம் மாற்ற, லிஃப்ட் வைக்க, பழைய சுவரில் ஒயர் ஓட்டத் துளை போட எல்லாவற்றுக்கும் மற்றவர்கள் மாதிரி கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். பழுது பார்ப்பதற்கு மட்டும், அதே பொருளால் அதே முறையில் செய்து தன்மை மாறாமல் இருந்தால் அனுமதி வேண்டாம். கல் இடுக்கில் சுண்ணாம்புச் சாந்து பூசினால் பழுதுபார்ப்பு. சிமென்ட் பூசினால் வம்பு. சிமென்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துவிடும், குளிர்காலத்தில் உறைந்து கல்லின் முகம் உரிந்து விழும். பழைய கட்டடம் மூச்சுவிடவேண்டும் என்று நம் ஊர்க் கொத்தனார்கள் சொல்வதும் இதுதான்.

பாதுகாக்கச் சொல்ற அரசாங்கம் காசு தருமா?

பெரும்பாலும் தராது. சில நிதியுதவிகள் உண்டு, போட்டி கடுமை. வாரிசு வரியில் நிபந்தனையோடு விலக்கு உண்டு, பதிலுக்கு மக்களைப் பார்க்க விடவேண்டும். முன்பு அனுமதி பெற்ற மாற்ற வேலைகளுக்கு வாட் வரி இல்லாமல் இருந்தது. 2012 அக்டோபரில் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் 20 சதவீதம். புதிதாக வீடு கட்டினால் வாட் கிடையாது. பழையதைக் காப்பாற்றினால் வரி, புதிதாகக் கட்டினால் விலக்கு! இதை எந்த அமைச்சர் வந்து விளக்கினாலும் எனக்கு ஏறாது.

சொந்தக்காரர் வேணும்னே கண்டுக்காம விட்டு இடிஞ்சு விழ வச்சா?

செய்கிறார்கள். அதைத் தடுக்கக் கவுன்சிலுக்குச் சில ஆயுதங்கள் உண்டு: அவசர வேலையைத் தானே செய்துவிட்டுச் செலவை வசூலிக்கலாம், பழுது நோட்டீஸ் அனுப்பலாம், கேட்காவிட்டால் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் பராமரிப்புத் தன் தலையில் விழுமே என்று பல கவுன்சில்கள் தயங்கும். ஆபத்தில் உள்ள கட்டடங்களின் பட்டியல் ஒன்றை ஹிஸ்டாரிக் இங்கிலாண்ட் வெளியிடுகிறது. அதைப் புரட்டினால் சட்டம் எங்கே பல் இல்லாமல் நிற்கிறது என்று தெரியும்.

வெளியில ஏரி, பாலம், புல்வெளி எல்லாம் இருக்கே. அதுவும் லிஸ்டட்டா?

ஆடம் கட்டிய பாலமும் அருவிப்படியும் தனியாகவே கிரேடு 1. ஏரிக்கரையில் இருக்கிற மீன்பிடிக் கூடமும் அப்படியே. கீழே குளிர்நீர்க் குளியலறையும் படகுக் கொட்டிலும். மேலே ஜன்னல் வழியாகவே தூண்டில் போட ஓர் அறை. வெயில் படாமல் பிரபு வீட்டுப் பெண்கள் மீன் பிடிக்க வசதி. இந்தச் சின்னக் கட்டடத்தில்தான் ஆடமின் கை தெளிவாகத் தெரிகிறது என்பேன்.

பூங்கா நிலம் வேறொரு பதிவேட்டில் கிரேடு 1. அது 1983இல் தொடங்கிய வரலாற்றுப் பூங்காக்கள் பதிவேடு. ஆனால் அதற்கு, மேலே சொன்ன மாதிரித் தனி அனுமதி முறையோ குற்ற வழக்கோ கிடையாது. கட்டட அனுமதி கொடுக்கும்போது கவுன்சில் அதை மனத்தில் வைக்கவேண்டும், அவ்வளவே.

பூங்காவுக்கு வெளியே வேற யாரோட நிலத்திலயாவது வீடு கட்டினா, இவங்க எப்படித் தடுக்க முடியும்?

கெடில்ஸ்டன் இந்தக் கேள்வியாலேயே சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. டெர்பியின் ஆலஸ்ட்ரீ பக்கம், பூங்காவுக்கு வெளியே, 400 வீடுகள்வரை கட்ட ஒரு திட்டம் வந்தது. மாளிகையிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது. நகரத்தை மறைப்பதற்கென்றே வளர்த்த மரத்திரை இடையில் நிற்கிறது. கண்ணுக்கே தெரியாதது எப்படிக் கெடுக்கும் என்பது ஒரு கட்சி. அந்த வயல்கள் ஒருகாலத்தில் இந்தப் பண்ணையைச் சேர்ந்தவை, டெர்பியிலிருந்து மாளிகைக்கு வருகிறவரின் அனுபவத்தில் ஒரு பகுதி என்பது மறு கட்சி.

சட்டத்தில் இதற்குச் சூழமைவு என்று பெயர். 2017இல் உயர் நீதிமன்றம், கண்ணில் படுவதை மட்டும் பார்த்தது தவறு என்று, திட்ட ஆய்வாளர் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் வரலாற்றுத் தொடர்பும் கணக்கில் வரலாம் என்ற கருத்தை அது தள்ளவில்லை. ஆய்வாளர் அதைப் போதுமான அளவு பார்த்திருக்கிறார் என்றுதான் சொன்னது. வீடு கட்டுகிறவர்கள் வழக்கில் ஜெயித்தார்கள். பாதுகாப்புப் பேசுகிறவர்கள் இன்றும் அதே தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

நம் ஊரில் 2010 திருத்தத்துக்குப் பிறகு மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் கட்டுப்பாடு என்று நாடா பிடித்து அளந்துவிடலாம். இங்கே அளவே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டுத்தான் தீர்க்கவேண்டும்.

கர்சன்னா வங்காளத்தைப் பிரிச்ச கர்சன்தானே? இந்த வீடே நம்மகிட்ட அடிச்ச பணம்தானே?

ஆள் அவரேதான்; 1899 முதல் 1905 வரை வைஸ்ராய். ஆனால் வீடு அவருக்கு நூறு வருஷம் மூத்தது. 1760களில் இந்தக் குடும்பத்துக்கு முதலாக இருந்தது டெர்பிஷயர் நிலம். இந்தியப் பணத்தில் எழுந்த வீடு பார்க்கவேண்டும் என்றால் சர்ரேயில் கிளேர்மாண்ட் இருக்கிறது. ஆற்காட்டு முற்றுகையில் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவ் கட்டவைத்தது.

இந்தியா இந்த வீட்டுக்குள் வந்தது பின்னால். கீழ்த்தளத்தில் கர்சன் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பொருள்களுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1903 தில்லி தர்பார் நடன விருந்தில் மேரி அணிந்த மயில் உடை அங்கே இருக்கிறது. முழுக்க ஜரிகைப் பின்னல், மயில்தோகை மேல் மயில்தோகையாக. ஒவ்வொரு கண்ணிலும் பச்சையாக மினுங்குவது மரகதம் என்று எல்லாரும் ஏமாறுவார்கள். அது பொன்வண்டின் சிறகு. தைத்த விரல்கள் இந்திய விரல்கள். அவர்கள் பெயரை யாரும் பேசுவதில்லை. 2020இல் நேஷனல் டிரஸ்ட் தன்னிடமுள்ள 93 இடங்களின் காலனி, அடிமைத் தொடர்புகளை வெளியிட்டபோது கெடில்ஸ்டனும் அதில் இருந்தது. அதற்கு எழுந்த கூச்சலைப் பார்த்தால் இன்னும் பல அறிக்கைகள் தேவை என்றே தோன்றுகிறது.

அப்போ அவர் நல்லது ஒண்ணுமே பண்ணலையா?

கட்டட விஷயத்தில் செய்தார். மறைக்க வேண்டியதில்லை. 1904இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர் அவர்தான். நம் பெரிய கோயில்களைக் காக்கிற 1958ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழியில் வந்தது. திரும்பி வந்தபின் 1911இல், லிங்கன்ஷயரில் டாட்டர்ஷால் கோட்டையின் 15ஆம் நூற்றாண்டுக் கல் கணப்புகளைப் பெயர்த்துக் கடல் கடத்தப் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, கோட்டையை வாங்கினார். கணப்புகளைத் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்தினார். அந்தக் கலவரம் 1913ஆம் ஆண்டுப் பழஞ்சின்னச் சட்டத்துக்கு வழிவிட்டது. அடுத்தவர் கணப்பு பெயர்ந்தபோது பதறியவர், தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருப்பவை எங்கிருந்து பெயர்ந்தவை என்று யோசித்தாரா என்பதை நீங்களே அந்த அறையில் நின்று நினைத்துப் பாருங்கள்.

கடைசியா ஒண்ணு. யாராவது கோடீஸ்வரர் வந்து, விட்டுப்போன ரெண்டு சிறகையும் கட்டித் தரேன்னா விடுவாங்களா?

விண்ணப்பிக்கலாம், கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஒரு கட்டடம் எப்படி வளர்ந்தது, எங்கே நின்றுபோனது என்பதும் பாதுகாக்கவேண்டிய சங்கதி என்பதுதான் இன்றைய பார்வை. காசும் மனசும் தீர்ந்து நின்ற இடம் அது. புதிதாகக் கட்டினால் கான்ஸ்டன்டைன் வளைவு தனியாக நிற்கிற அந்தத் தெற்குக் காட்சியும் மாறிவிடும். நாலு சிறகையும் பார்த்தே தீரவேண்டும் என்றால் கொல்கத்தாவுக்கு டிக்கெட் போடுங்கள்.